திருக்கோணமலை: கடற்கரையும் கோட்டை முனை நடையும்

இரண்டு வருடங்களுக்கு முன் நம் குடியிருப்பின் வெளிச்சுவர்களுக்கு பெயின்ட் அடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்று வாரம் வேலை நடந்தது. வந்திருந்த பெயின்டர்களில் ஒருவர் நம் மாவட்டத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர். ஒருநாள் மதியம் குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். எந்த ஊர் என்று கேட்டேன். முகாமின் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். "திருக்கோணமலை" என்றார்.

1990-ல் அங்கே சண்டை மீண்டும் மூண்டபோது அவருக்கு எட்டு வயது. மன்னார்க் கரை வரை நடந்தும் டிராக்டரிலுமாக வந்து, அங்கிருந்து படகில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், பிறகு நம் மாவட்டம். "உங்க ஊர் மாதிரிதான் ஐயா எங்க ஊரும். ஒரு மலை, அதிலே சிவன். என்ன, எங்க மலை கடலுக்குள்ளே நிக்கும்" என்றார். மலைக்குக் கீழே ஒரு கடற்கரை உண்டென்றும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் அப்பா அங்கே கூட்டிப்போவார் என்றும், அலை குறைவாக இருப்பதால் சிறு பிள்ளைகளையும் தண்ணீரில் விடுவார்கள் என்றும் சொன்னார்.

சென்ற மே மாதம் பேரப்பிள்ளைகளின் விடுமுறையில் எங்காவது கடல் பக்கம் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது எனக்கு அவர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. திருவண்ணாமலைக்காரர்களான நமக்குக் கடல் என்றால் பாண்டிச்சேரி, இல்லாவிட்டால் மெரினா. இரண்டிலும் கூட்டம் அதிகம், அலையும் அதிகம். பிள்ளைகளைக் கரையில் நிறுத்திக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்புவோம். இந்தத் தடவை கொஞ்சம் தூரம் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். புறப்படுவதற்கு முன் அந்தப் பெயின்டர் தம்பிக்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கோட்டைக்குள்ளே மான் நிக்குதா எண்டு மட்டும் பாத்துட்டு வாங்கோ ஐயா" என்றார்.

இந்தக் கட்டுரை பயணக் குறிப்பாகத்தான் தொடங்கியது. எழுத எழுத, பார்த்த இடத்தின் சரித்திரம் பெரிதாகிவிட்டது. நம் ஊருக்கும் அந்த இடத்துக்கும் நான் நினைத்ததைவிட நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

இடம் எப்படி இருக்கிறது

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கொழும்பிலிருந்து வேனில் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருக்கோணமலைக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. இரவு ரயிலும் உண்டு.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கரையிலிருந்து கிழக்கே கடலுக்குள் ஒரு குன்று விரல் நீட்டியதுபோல நீண்டு நிற்கிறது. அதன் நுனியில் பாறை செங்குத்தாக முந்நூறு அடிக்கு மேல் கடலில் இறங்குகிறது. அந்த நுனியில்தான் கோணேசுவரர் கோயில். குன்றின் தொடக்கத்தில் குறுக்கே ஒரு கோட்டைச் சுவரும் வாசலும். இன்றைய பெயர் பிரெட்ரிக் கோட்டை. குன்றுக்குத் தெற்கே பிறைபோல வளைந்த ஒரு மணற்கரை. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தின் நினைவாக அதை டச்சு வளைகுடா என்கிறார்கள். பெயின்டர் சொன்ன கடற்கரை அதுதான்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. குன்று ஒரு பக்கம் அணைத்து நிற்பதால் கடல் அங்கே அடக்கமாக இருக்கிறது. மாலை நான்கரை மணிக்கு மேல் உள்ளூர்க் குடும்பங்கள் வரத் தொடங்கின. பாட்டிகள் மணலில் உட்கார, பிள்ளைகள் தண்ணீரிலும் மணலிலுமாக ஓடுகிறார்கள். கடலை விற்பவர், ஐஸ்கிரீம் வண்டி, அவ்வளவுதான் வியாபாரம். ஒலிபெருக்கி இல்லை. தமிழ், சிங்களம், முஸ்லிம் குடும்பங்களின் பேச்சு எல்லாம் கலந்து காதில் விழுகிறது. என் பேத்தி முதல் தடவையாக முழங்காலுக்கு மேல் கடல் நீரில் நின்றாள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, இந்தக் கடல் இப்படி இருக்காது. சித்திரை முதல் ஆவணி வரை போவதே நல்லது.

கடற்கரையிலிருந்து எழுந்து, கோட்டை வாசல் வழியாக நுழைந்து, மரநிழலில் ஏறும் சாலையில் மெல்ல நடந்தால் கோயிலை அடைய இருபது முதல் முப்பது நிமிடம். ஏற்றம் சுமார்தான். முட்டிவலி உள்ள என் மனைவி இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறிவிட்டாள். ஆட்டோவும் மேலே போகிறது. நடக்க முடிந்தவர்கள் நடந்தே போகவேண்டும் என்பது என் வேண்டுகோள். காரணம் போகப்போகத் தெரியும்.

வாசலில் உள்ள இரண்டு மீன்கள்

கோட்டை வாசலில் எல்லோரும் நிற்காமல் போய்விடுகிறார்கள். நானும் போயிருப்பேன். மாப்பிள்ளைதான் காட்டினார். வாசல் கல்லில் இரண்டு கயல்மீன்கள் செதுக்கியிருக்கின்றன. ஐரோப்பியர் கட்டிய கோட்டையில் பாண்டியர் சின்னம் எப்படி வந்தது?

பதில் எளிது. கோட்டை கட்டிய கற்கள் கோயில் கற்கள்.

13-ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் இலங்கை மீது படையெடுத்து வென்று, கோணமலையில் இணைக்கயல் சின்னத்தைப் பொறித்தான். இதைச் சொல்லும் அவனுடைய கல்வெட்டு நம் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலையில் இருக்கிறது. அவனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சோழர்கள் அங்கே இருந்தார்கள். திருக்கோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் கிடைத்த அந்தக் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோணமலை இறைவனுக்கு 250 வேலி நிலம் விட்டதைக் குறிக்கிறது. ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். அப்படியானால் சுமார் 1,700 ஏக்கர். முப்பத்தைந்து வருடம் வங்கியில் கணக்குப் பார்த்த எனக்கு இந்த எண்ணைப் படித்ததும் அந்தக் கோயில் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பது புரிந்துவிட்டது. வைப்பைப் பார்த்தால் செலவு தெரியும்.

கோயிலைக் கட்டியவன் குளக்கோட்டன் என்ற மன்னன் என்பது அங்குள்ள மரபு. வரும் வழியில் பார்த்த கந்தளாய்ப் பெருங்குளத்தை வெட்டுவித்தவனும் அவனே என்பார்கள். குளமும் கோட்டமும் அமைத்ததால் குளக்கோட்டன். கோட்டம் என்றால் கோயில். குளத்து நீரால் வயல் விளையவேண்டும், விளைச்சலால் கோயில் நடக்கவேண்டும் என்ற ஏற்பாட்டையும், யார் யார் என்ன தொண்டு செய்யவேண்டும், என்ன பெறவேண்டும் என்பதையும் "கோணேசர் கல்வெட்டு" என்ற பழைய நூல் விவரமாகச் சொல்கிறது. பெயர் கல்வெட்டு என்றாலும் அது ஏட்டில் எழுதிய நூல்தான்.

பாடிய இருவரும் நமக்குத் தெரிந்தவர்கள்

ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு. ஒன்று மன்னாரில் உள்ள திருக்கேதீச்சரம், மற்றது திருக்கோணமலை. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் கோணமலை மீது ஒரு பதிகம் பாடியிருக்கிறார். நம் அண்ணாமலை மீது இரண்டு பதிகம் பாடிய அதே சம்பந்தர். அவர் கடல் கடக்கவில்லை. ராமேஸ்வரத்துக் கரையில் நின்றபடியே பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. போய்ப் பார்க்காமலே கடலின் ஓசையையும் அந்த ஊரின் வளத்தையும் பாடியிருக்கிறார்.

இரண்டாமவர் நம் ஊர்க்காரரே. 15-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் திருக்கோணமலை மீது ஒரு திருப்புகழ் பாடியிருக்கிறார். பெரிய கோயிலுக்குள் கம்பத்திளையனார் சந்நிதியையும் கிளிக் கோபுரத்தையும் கடக்கும்போதெல்லாம் நாம் நினைத்துக்கொள்ளும் அதே அருணகிரிநாதர். திருக்கோணமலைப் பாட்டில் அவர் வேதம் ஓதும் அந்தணர்களையும் கோயில் கோபுர வாசலையும் குறிப்பிடுகிறார்.

இதை ஒரு பக்திச் செய்தியாக மட்டும் நான் பார்க்கவில்லை. சாட்சியாகப் பார்க்கிறேன். இன்று அங்கே அந்தக் கோபுரம் இல்லை. கோபுரம் இருந்தது என்று சொல்லும் பழைய வாய்களில் ஒன்று நம் ஊர் வாய்.

1624

போர்ச்சுகீசியர் இலங்கையின் கரையோரங்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். அவர்களுடைய தளபதி கான்ஸ்டன்டைன் டி சா 1624-ல் கோணேசுவரர் கோயிலை இடித்தார். சித்திரை வருடப் பிறப்பு நாளில், சுவாமி ஊர்வலமாக வெளியே போயிருந்த நேரத்தில் வீரர்கள் பூசாரிகளைப்போல வேடமிட்டு உள்ளே நுழைந்தார்கள் என்று உள்ளூரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒரு கோயில் இல்லை. குன்றின் நுனியிலும் நடுவிலும் அடிவாரத்திலுமாக மூன்று. கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவராயிற்று. மற்றவை பாறை முனையிலிருந்து கடலில் விழுந்தன. பின்னாளில் போர்ச்சுகீசியப் பாதிரியார் குவைரோஸ் தம் நூலில் இந்த இடத்தின் பெருமையை ரோம் நகரத்தோடு ஒப்பிட்டு எழுதினார். இடித்த தரப்பைச் சேர்ந்தவரே அப்படி எழுதியிருக்கிறார் என்றால் மேலே சொல்ல வேண்டியதில்லை.

கோட்டை வாசலில் மீன்களோடு சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இருக்கிறது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பார்கள் என்றும், பூனைக்கண்ணர், செங்கண்ணர், புகைக்கண்ணர் என்று ஒருவர் பின் ஒருவராக ஆள்வார்கள் என்றும் முன்னறிவிப்பாகச் சொல்லும் ஒரு வெண்பாவோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். போர்ச்சுகீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அது நடப்பதற்கு முன் எழுதியதா, நடந்தபின் மனம் நொந்து எழுதியதா என்று விவாதிக்கலாம். கோயிலை இடித்துக் கட்டிய சுவரிலேயே அந்தக் கல் இருப்பதுதான் எனக்கு வியப்பு.

ஏன் எல்லோருக்கும் இந்தக் குன்று வேண்டியிருந்தது

1639-ல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்ச காலம் வந்து போனார்கள். 1782-ல் ஒரே வருடத்தில் ஜனவரியில் ஆங்கிலேயர் கைக்கும் ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன் கைக்கும் மாறியது. பிறகு மீண்டும் ஒல்லாந்தர். 1795-ல் ஆங்கிலேயர் நிலையாகப் பிடித்துக்கொண்டார்கள். 1803-ல் தங்கள் இளவரசர் ஒருவர் பெயரால் பிரெட்ரிக் கோட்டை என்று பெயரிட்டார்கள். ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் திப்பு சுல்தானை எதிர்த்து நின்று, பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் 1800-ல் வந்து தங்கிய வீடு என்று கோட்டைக்குள் ஒரு கட்டடத்தைக் காட்டுகிறார்கள்.

இவ்வளவு சண்டை எதற்கு? காரணம் சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க ஒரு துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு சிறு படகில் வரும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் வந்தால் நிற்கமுடியாது. நின்றவை உடைந்தன. அந்த மாதங்களில் ஒதுங்க இடம் உள்ளவனே வங்கக் கடலை ஆளமுடியும். திருக்கோணமலைக் குன்றுக்குத் தென்மேற்கே, நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த ஆழமான இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. அதைக் காவல் காக்க இந்தக் குன்று வேண்டும். சிவனுக்கு இடம் போனதற்குக் கணக்கு இதுதான்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருக்கோணமலையைக் குண்டுவீசித் தாக்கியதும் இதே துறைமுகத்துக்காகத்தான். அதன் கரையில் சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் பற்றி இன்றும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கின்றன.

நாம் இதைத் தூரத்துக் கதையாக நினைக்கவேண்டாம். 18-ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் நம் அண்ணாமலையார் கோயிலும் கோட்டையாகத்தான் பயன்பட்டது. உயரமான மதில்களும் அகலமான பிராகாரங்களும் படைகளுக்கு வசதியாக இருந்தன. 1753-ல் முற்றுகைக்கு ஆளானது. பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், திப்பு சுல்தான் படை என்று கைமாறியது. இங்கே கோயிலே கோட்டையாக நின்றதால் மதிலும் கோபுரமும் தப்பின. அங்கே கோயிலைப் பிரித்துக் கோட்டை கட்டினார்கள். இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். தினமும் ராஜகோபுரத்தைப் பார்த்துக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போய்வரும் நமக்கு இது உறைப்பதில்லை.

339 வருடம்

இடித்தபின் என்ன நடந்தது என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் என் மனதில் நின்ற பகுதி.

அர்ச்சகர்களும் ஊர் மக்களும் முடிந்தவரை திருவுருவங்களைக் காப்பாற்றினார்கள். சிலவற்றை மண்ணில் புதைத்தார்கள். சிலவற்றைக் காட்டு வழியாகத் தூக்கிப்போய், திருக்கோணமலையிலிருந்து பதினைந்து மைல் தொலைவில் உள்ள தம்பலகாமத்தில் பிற்பாடு ஒரு கோயில் எழுப்பி வழிபட்டார்கள். அது கண்டி அரசர் ஆட்சியில் இருந்த பகுதி. ஆதி கோணநாயகர் கோயில் என்று இன்றும் அங்கே பூசை நடக்கிறது.

குன்றின் நுனியில் ஒன்றும் இல்லை. வெறும் பாறை. ஆனாலும் மக்கள் அங்கே போவதை நிறுத்தவில்லை. கோட்டையில் இருந்தவர்கள் தடுத்தபோது படகில் வந்து கீழே கடலில் நின்று மலையை நோக்கிக் கும்பிட்டதாகச் சொல்வார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் கெடுபிடி தளர்ந்தபின், குறிப்பிட்ட நாட்களில் மாலையில் ஒரு பூசாரி பாறை விளிம்பில் நின்று விளக்கேற்றி, பூவும் பழமும் தேங்காயும் கடலில் இடுவார். பின்னால் ஆண்களும் பெண்களும் திரண்டு நிற்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த ஆங்கிலேயர்கள் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எதைக் கும்பிடுகிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. லிங்கம் இல்லை, கருவறை இல்லை, கூரை இல்லை. இருந்தது அந்த வழிதான். கோட்டை வாசலில் நுழைந்து, ஏறி, முனைக்குப் போய் நிற்கும் வழி.

1950-ல் திருக்கோணமலை நகரத்தார் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார். சோழர் கால வேலைப்பாடு. மூன்று நூற்றாண்டுக்கு மேல் மண்ணுக்குள் இருந்தவை. புதைத்தவர்கள் யார் என்று தெரியாது. இடத்தைக் குறித்துவைத்த ஓலையும் கிடைக்கவில்லை. சாவி தொலைந்த லாக்கர்போல அந்த நிலம் அதுவரை காத்திருந்தது.

அடுத்தது கடலின் முறை. 1956-ல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறைக்குக் கீழே கடலில் மூழ்கிப் பார்த்தபோது செதுக்கிய தூண்களும் கற்களும் அடியில் கிடப்பதைக் கண்டார்கள். பிறகு வில்சன் ஒரு லிங்கத்தையும் மேலே கொண்டுவந்தார். அது இப்போது கோயிலில் இருக்கிறது. ஊர் மக்கள் சேர்ந்து புதுக்கோயில் எழுப்பி 1963-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள்.

1624-லிருந்து 1963 வரை 339 வருடம். ஒரு தலைமுறைக்கு முப்பது வருடம் என்று வைத்தால் பதினோரு தலைமுறை. வெறும் பாறைக்கு ஏறிப்போன பாட்டன், தன் காலத்தில் கோயில் வராது என்று தெரிந்தே பேரனைக் கூட்டிப்போயிருக்கிறான். இடையில் ஒரே ஒரு தலைமுறை, "அங்கே என்ன இருக்கிறது, வெறும் கல்" என்று நின்றிருந்தாலும் 1963-ல் எங்கே கட்டுவது என்று சொல்ல ஆளிருந்திருக்காது. ஓர் இடத்தைக் காப்பாற்றுவது கட்டடம் மட்டுமில்லை. அங்கே போய்வரும் வழக்கமும்தான். அதனால்தான் ஆட்டோவில் போகவேண்டாம், நடந்து போங்கள் என்று சொன்னேன். நம் கிரிவலத்தின் பதினான்கு கிலோமீட்டரைவிட மிகச் சிறிய நடைதான். ஆனால் அந்த நடை கோயில் இல்லாத காலத்திலும் நின்றுபோகாத நடை.

முனையில்

நாங்கள் மேலே போனபோது மாலை பூசை நேரம். இப்போதுள்ள கோயில் அளவில் சிறியதுதான். அம்பாள் பெயர் மாதுமை. முன்பக்கம் பெரிய சிவன் சிலை. பிள்ளைகள் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கோயிலைச் சுற்றிப் பின்னால் போனால் பாறை பிளந்து ஒரு பெரிய வெட்டுப்போல இருக்கிறது. ராவணன் தன் தாய்க்காகக் கோணமலையைப் பெயர்க்க முயன்று வாளால் வெட்டிய இடம் என்று ராவணன் வெட்டு என்கிறார்கள். எட்டிப் பார்த்தால் கீழே கரும்பச்சை நிறத்தில் கடல். சத்தம் மேலே வர ஒரு நொடி தாமதமாகிறது. கைப்பிடிக் கம்பி இருக்கிறது; இருந்தாலும் சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து மரத்தில் பிள்ளைவரம் வேண்டிக் கட்டிய சின்ன மரத்தொட்டில்கள் காற்றில் ஆடுகின்றன. இதே கடலுக்கடியில் அருணகிரிநாதர் பாடிய கோபுரத்தின் கற்கள் கிடக்கலாம் என்று பேரனிடம் சொன்னேன். "தாத்தா, எடுக்க முடியாதா?" என்றான். சிலவற்றை எடுத்தார்கள் என்றேன்.

இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. கோட்டைக்குள் இன்றும் ராணுவம் இருக்கிறது. சாலையின் இருபுறமும் ராணுவக் கட்டடங்கள். போர் முடிந்து 2009-லிருந்து இத்தனை வருடம் ஆகியும் வாசலில் காவல் உண்டு. வருகிறவர்களை மரியாதையாகவே விடுகிறார்கள். குன்று பிறந்த நாளிலிருந்து காவல்காரன் இல்லாத காலம் அதற்குக் குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெரிய ஆலமரத்தைத் தாண்டியபோது மனைவி கையைக் காட்டினாள். மான்கள். புள்ளிமான்கள் ஏழெட்டு, நம் தெருவில் மாடு நிற்பதுபோலக் கூச்சமில்லாமல் நின்றன. ஒன்று பேத்தியின் கையிலிருந்த பையை முகர்ந்து பார்த்தது. நான் படம் எடுத்தேன்.

மான்கள் நின்றன என்ற செய்தி

ஊர் திரும்பியதும் அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். போனில் படங்களைக் காட்டினேன். மான்களைப் பார்த்துச் சிரித்தார். கடற்கரைப் படத்தை விரல்களால் பெரிதாக்கி, இடதுபுறம் தெரிந்த கட்டடங்களுக்குப் பின்னால் எதையோ தேடினார். எங்கள் வீடு அந்தப் பக்கம்தான் இருக்கவேண்டும் என்றார். படத்தில் அது தெரியவில்லை. தெரிந்தாலும் எட்டு வயதில் பார்த்த வீட்டை அடையாளம் காணமுடியுமா என்று நான் கேட்கவில்லை.

ஒரு தடவை போய்வரக்கூடாதா என்று மட்டும் கேட்டேன். முகாமில் இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட் இல்லை. திரும்பிப் போக விரும்பினால் போகலாம். அதற்கு ஏற்பாடு உண்டு. ஆனால் போனால் போனதுதான். இங்கே கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறார்கள். "அவங்களுக்கு ஊர் எண்டால் திருவண்ணாமலைதான் ஐயா. கிரிவலம் போவாங்கள். நான் ஒவ்வொரு தடவையும் எங்க மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடப்பேன்" என்றார்.

நமக்கு அறுபது, எழுபது மைலில் கடல் இருக்கிறது. விருப்பம் இருந்தால் திருக்கோணமலைக்கும் நான்கு நாளில் போய்வரலாம். சம்பந்தர் இக்கரையில் நின்று அந்த மலையைப் பாடினார். இவரும் இக்கரையிலிருந்துதான் தன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 339 வருடம் அந்தப் பாறை மறக்கப்படாமல் இருந்தது எப்படி என்று நான் அங்கே போய்க் கண்டதை, அவர் இங்கே அண்ணாமலையைச் சுற்றிக்கொண்டே செய்கிறார்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். முகாமில் அம்மாவுக்குக் காட்டவேண்டுமாம். மறுநாள் அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அடுத்த தடவை யாராவது போனால் பார்த்துவரவேண்டியவை என்று அம்மா இரண்டு இடங்களைச் சொல்லியிருக்கிறார்: ஒரு பள்ளிக்கூடம், ஒரு பிள்ளையார் கோயில். தெருப் பெயரோடு என் டைரியில் குறித்துவைத்திருக்கிறேன். நம் குடியிருப்பிலிருந்து யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் புறப்படுமுன் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.